விபத்துக் காயத்தோடு வருபவர் சொல்லும் குடியும் ரத்தம் காட்டும் அளவும்: எதை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: பாளை மாணவி

அனைவருக்கும் வணக்கம். தென்மாவட்ட மருத்துவக் கல்லூரி ஒன்றில் சமுதாய மருத்துவத்தில் முதுநிலை படித்து வருகிறேன். காயத்தோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவர்கள், காயம் படுவதற்கு முந்தைய ஆறு மணி நேரத்தில் மது அருந்தியதாகத் தாமே சொல்வதையும், அவர்களுடைய ரத்தத்தில் அளந்து காணும் ஆல்கஹால் அளவையும் ஒப்பிடுவதே என் ஆய்வேட்டின் பொருள். திட்டத்தை நெறிமுறைக் குழுவிடம் கொடுப்பதற்கு முன் சில ஐயங்களைத் தீர்த்துக்கொள்ள விரும்புகிறேன்.

துறையில் மூத்தவர்கள் சொல்வது எளிமையானது. குடித்தவன் உண்மை பேச மாட்டான், ரத்தம் பொய் சொல்லாது; ஆகவே ரத்த அளவையே உண்மை என்று வைத்துக்கொண்டு, நோயாளியின் சொல்லில் எத்தனை விழுக்காடு பொய் என்று கணக்கிட்டு விட்டால் ஆய்வு முடிந்தது என்கிறார்கள். ஆனால் முன்னோட்டமாக இரவு நேரங்களில் பிரிவில் நின்று பார்த்தபோது கண்டவை இந்த எளிமைக்குள் அடங்கவில்லை. "ஆமா டாக்டர், ராத்திரி ஒரு குவாட்டர் போட்டேன்" என்று தயக்கமின்றிச் சொன்ன ஒருவருடைய ரத்தத்தில் ஆல்கஹாலே இல்லை. தொட்டதே இல்லை என்று சாதித்த வேறொருவருக்கு 100 மில்லி லிட்டருக்கு 80 மில்லி கிராமுக்கு மேல் இருந்தது. மூன்றாவது வகையினர் குடித்ததை ஒப்புக்கொள்கிறார்கள், ஆனால் அளவில் இடிக்கிறது; ஒரே ஒரு கட்டிங் என்று சொன்னவருக்கு 210 வந்தது.

என் கேள்விகள் இவை. ரத்தத்தில் ஒன்றும் இல்லாதபோது குடித்ததாகச் சொல்கிறவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? கேட்கும் முறையை மாற்றினால் பதில் மாறுமா? அளவைப் பற்றி அவர்கள் சொல்வதற்கு ஏதேனும் மதிப்பு உண்டா? ஆய்வுக்காக எடுக்கும் ரத்தமும் வாங்கும் வாக்குமூலமும் பிற்பாடு நீதிமன்றத்தில் நோயாளிக்கு எதிராகத் திரும்புமா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: குற்றாலச் சாரல் (அவசர சிகிச்சை மருத்துவர்)

தங்கள் ஐயம் நியாயமானது. மூத்தவர்கள் சொன்ன வாய்ப்பாட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ரத்தம் பொய் சொல்லாது என்பது உண்மைதான். ஆனால் ஊசி குத்திய நிமிடத்தில் உடலில் இருந்ததைத்தான் அது சொல்லும், காயம் பட்ட நிமிடத்தில் இருந்ததை அன்று. நம் பக்கத்தில் இந்த இரண்டுக்கும் இடையே எவ்வளவு நேரம் ஓடிவிடுகிறது என்பது பிரிவில் நின்று பார்த்த தங்களுக்குத் தெரிந்திருக்கும்.

தாங்கள் சொன்ன முதல் நோயாளியையே எடுத்துக்கொள்வோம். டாஸ்மாக்கில் விற்கும் ஒரு குவாட்டர் 180 மில்லி. அதில் ஆல்கஹால் 42.8 விழுக்காடு, எடையில் ஏறத்தாழ 61 கிராம். அறுபது கிலோ எடையுள்ள ஓர் ஆண் அதை ஒரே மூச்சில் குடித்து முடித்தால், ஸ்வீடன் நாட்டு விட்மார்க் வகுத்த சூத்திரப்படி, உடலில் ஆல்கஹால் பரவும் பங்கைக் குறிக்கும், ஆண்களுக்கான 0.68 என்ற காரணியைப் போட்டுப் பார்க்கையில், உச்ச அளவு 100 மில்லிக்கு 150 மில்லி கிராமை ஒட்டி வரும். கல்லீரல் அதை மணிக்குச் சுமார் 15 மில்லி கிராம் வீதம் குறைக்கும். இந்த வேகம் ஆளுக்கு ஆள் 10 முதல் 20 வரை இருக்கலாம், நாள்தோறும் குடிப்பவர்களுக்கு அதற்கும் மேலே போகும். இப்போது களக்காட்டுப் பக்கத்து வாழைத் தோட்டத்துப் பாதையில் ஒருவர் இரவு 9 மணிக்குக் குடித்துவிட்டு 11 மணிக்கு இருசக்கர வாகனத்தோடு வாய்க்காலில் விழுகிறார் என்று வையுங்கள். விழும்போது அவருடைய ரத்தத்தில் 120 இருந்திருக்கும், அதாவது சட்டம் அனுமதிக்கும் 30ஐப் போல நான்கு மடங்கு. விடியற்காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச வந்தவர் பார்த்து, 108க்குச் சொல்லி, பக்கத்து மருத்துவமனையில் முதலுதவி முடிந்து, மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டு, பாளையங்கோட்டை வந்து சேர்ந்து ரத்தம் எடுக்கும்போது காலை 9 மணி ஆகிவிடுகிறது. அதற்குள் 150ம் கரைந்திருக்கும். அவர் சொன்னது முழு உண்மை, ஆய்வகம் சொன்னதும் முழு உண்மை. இவரைத் தங்கள் மூத்தவர்களின் வாய்ப்பாட்டில் போட்டால் பொய்யர் பட்டியலில் விழுவார். அதுவும் குடிக்காததைக் குடித்ததாகச் சொன்ன விசித்திரமான பொய்யராக.

உலக அளவில் செய்த ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. செரில் செர்பிடெல் முதலியோர் பல நாடுகளின் அவசர சிகிச்சைப் பிரிவுத் தரவுகளைச் சேர்த்து ஆராய்ந்தபோது, மூச்சிலோ ரத்தத்திலோ ஆல்கஹால் இருந்தும் குடிக்கவில்லை என்று மறுத்தவர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருந்தார்கள். குடித்தேன் என்று சொல்லி, அளவீட்டில் ஒன்றும் காட்டாதவர்களே கூடுதல்; அதற்குப் பெரிய காரணம் இடைப்பட்ட நேரம். ஆகவே ஆறு மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்தவர்களை மட்டும் முதன்மை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டு, தாமதமாக வந்தவர்களைத் தனியே வைப்பதுதான் முறை. நாம் ஓட்டுநர் உரிமத்துக்கு ஆள் எடுக்கவில்லை; காயத்துக்கும் மதுவுக்கும் உள்ள தொடர்பைத் தேடுகிறோம். அந்தத் தேடலில், தாமதமாக வந்தவரிடம் உள்ள ஒரே சாட்சி அவருடைய வாய்தான்.

சிகிச்சையின் பக்கத்திலிருந்தும் ஒரு சொல். ரத்த அளவு பூஜ்யம் என்ற தாளைப் பார்த்துவிட்டு நிம்மதியடையும் பயிற்சி மருத்துவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். நாள்தோறும் குடிக்கும் ஒருவர் தொடை எலும்பு முறிந்து படுத்திருக்கிறார். கடைசியாகக் குடித்து எட்டு மணி நேரத்தில் கை நடுங்கத் தொடங்கும், இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் சுவரில் பூச்சி ஊர்கிறது என்று சொல்லி, காலில் கட்டியிருக்கும் எடையை இழுத்துப் போட்டுவிட்டு எழுந்து ஓடுவார். அதை முன்கூட்டியே அறியப் பூஜ்யம் உதவாது. தினமும் குடிப்பீர்களா, கடைசியாக எப்போது என்ற இரண்டு கேள்விகள்தான் உதவும். அதே போல, 200 இருக்கும் ஒருவர் தெளிவாகப் பேசுவதும் உண்டு. ஆகையால் நினைவு மங்கியிருக்கும் தலைக்காயக்காரரை "தண்ணி போட்டிருக்கான், தெளியட்டும்" என்று ஓரத்தில் படுக்க வைப்பது ஆபத்தானது. மூளைக் காயம் இல்லை என்று உறுதியாகும் வரை, மங்கலுக்குக் காரணம் மது என்று எழுதக் கூடாது. ரத்தச் சர்க்கரையையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.

அளவு பற்றிய கேள்விக்கும் மேற்படிச் சூத்திரமே பதில் சொல்லும். கட்டிங் என்பது 90 மில்லி. அறுபது கிலோ ஆளுக்கு அது 75ஐத் தாண்ட வழியே இல்லை. 210 வந்திருக்கிறது என்றால், குறைந்தபட்சம் குவாட்டர் ஒன்றரைக்கு அருகே போயிருக்கிறார். குடித்தீர்களா என்ற கேள்விக்கு மக்கள் ஓரளவு நேர்மையாகவும், எவ்வளவு என்ற கேள்விக்குப் பாதியாகவும் பதில் சொல்வார்கள் என்பது என் எண்ணம். ஆகவே முதலாவதை ஆம் அல்லது இல்லை என்ற அளவில் நம்புங்கள். இரண்டாவதைக் குறைந்தபட்ச அளவாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பதில்: ஆய்வகத்தான், நெல்லை

மேலே அண்ணாச்சி ரத்தம் பொய் சொல்லாது என்பதை ஒப்புக்கொண்டுவிட்டார். ஆய்வகத்தில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் அதை அப்படியே விட எனக்கு மனமில்லை. ரத்தம் பொய் சொல்லாது. குழாயும் கருவியும் சொல்லும்.

முதலாவது, ஊசி குத்தும் இடத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கக் கூடாது. காயப் பிரிவின் அவசரத்தில் கை தானாக ஸ்பிரிட் பஞ்சைத்தான் தேடும். இந்த மாதிரிக்கு மட்டும் போவிடோன் அயோடின் தண்ணீர்க் கரைசலோ, சோப்பும் தண்ணீருமோ போதும் என்று தட்டிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். கையில் கிருமிநாசினித் திரவம் தேய்த்தவர், அது உலரும் முன் குழாயைத் திறக்கவும் வேண்டாம். மாதிரியைச் சாம்பல் மூடிக் குழாயில், அதாவது சோடியம் ஃப்ளோரைடும் பொட்டாசியம் ஆக்ஸலேட்டும் உள்ள குழாயில் எடுக்க வேண்டும். ஃப்ளோரைடு இல்லாவிட்டால் வெயிலில் கிடக்கும் ரத்தத்தில் நுண்ணுயிர்கள் புதிதாக ஆல்கஹாலை உண்டாக்கவும் செய்யும், இருப்பதைத் தின்னவும் செய்யும். சித்திரை வெயிலில் நம் ஊரில் ஒரு மேசைமேல் குழாய் என்ன பாடுபடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. குழாயை நிரப்பி, இறுக்கி மூடி, குளிர்பெட்டியில் 4 டிகிரியில் வையுங்கள். டிரிப் ஏறும் கையில் எடுக்காதீர்கள்.

இரண்டாவது, என்ன முறையில் அளக்கிறார்கள் என்று ஆய்வேட்டில் எழுதியே ஆக வேண்டும். மருத்துவமனை ஆய்வகத்தின் தானியங்கிக் கருவி நொதி முறையில் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீரை, அளக்கும். தடய அறிவியல் ஆய்வகம் வாயு நிறப்பகுப்பு முறையில் முழு ரத்தத்தை அளக்கும். சீரத்தில் தண்ணீர் அதிகம் என்பதால் அதே மனிதருடைய சீர அளவு முழு ரத்த அளவைவிட ஏறத்தாழ 12 முதல் 18 விழுக்காடு கூடுதலாக வரும். சட்டத்திலுள்ள 30 என்பது ரத்தத்துக்குச் சொன்ன எண். சீரத்தில் 33 வந்தவரை வரம்பை மீறியவர் என்று எழுதினால் அது தவறாகப் போகலாம். அதைவிட முக்கியமானது, நொதி முறைக்கு ஒரு பலவீனம் உண்டு. கடும் காயமும் அதிர்ச்சியும் உள்ளவரின் ரத்தத்தில் லாக்டேட்டும் லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் நொதியும் சேர்ந்து ஏறும்போது, ஆல்கஹால் இல்லாமலே இருப்பது போல் சிறிய எண் காட்டக்கூடும். மறுத்தவர், ஆனால் சிறிய அளவு காட்டியவர் என்ற கட்டத்தில் விழும் கடும் காயக்காரர்களை இந்தக் கண்ணோடு மறுபடியும் பாருங்கள். அவர்களில் சிலர் உண்மையிலேயே தொடாதவர்களாக இருக்கலாம்.

மூச்சுக் கருவியைப் பயன்படுத்துவதானால், கடைசியாக வாயில் எதையாவது ஊற்றியோ வாந்தி எடுத்தோ கால் மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும். மூச்சிலிருந்து ரத்தத்துக்கு 2100க்கு 1 என்ற ஒரே விகிதத்தை எல்லோருக்கும் பொருத்துகிறது அந்தக் கருவி. சற்று முன்பின் வருவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். விலா எலும்பு முறிந்தவரை ஊதச் சொல்லித் துன்புறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

தாமதமாக வருகிறவர்களுக்காக ஒரு யோசனை. ஆல்கஹால் உடலில் மாறி உண்டாகும் எத்தில் குளுகுரோனைடு என்ற பொருளைச் சிறுநீரில் அளக்க வசதி கிடைத்தால், குடித்து இரண்டு மூன்று நாள் வரைக்கும் அது தெரியும். ரத்தம் பூஜ்யம், வாய் ஆமாம் என்கிறது, சிறுநீரும் ஆமாம் என்கிறது என்றால் வழக்கு முடிந்தது. செலவு பிடிக்கும், எல்லோருக்கும் வேண்டாம், அந்த ஒரு கட்டத்தில் விழுகிறவர்களுக்கு மட்டும் செய்து பார்க்கலாம்.

பாளை மாணவி

இருவருக்கும் மிக்க நன்றி. சீரம், முழு ரத்தம் என்ற வேறுபாட்டை நான் திட்டத்தில் எழுதியிருக்கவில்லை, இப்போதே சேர்க்கிறேன். கேட்கும் முறை பற்றியும் சட்டம் பற்றியும் இன்னும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும். ரத்தம் எடுப்பதைவிட, மறைக்க விரும்பும் ஒருவரிடம் எப்படிக் கேட்பது என்பதே எனக்குப் பெரிய தயக்கமாக இருக்கிறது.

பதில்: சிஸ்டர் அக்கா, அம்பை

காயப் பிரிவில் வெகுகாலம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். கேட்பதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், டாக்டரம்மா.

கேள்வியைவிட, கேட்கும்போது யார் நிற்கிறார்கள் என்பதுதான் பதிலைத் தீர்மானிக்கும். ஸ்டிரெச்சரின் தலைமாட்டில் தாயார் அழுதுகொண்டு நிற்பார், கால்மாட்டில் மாமனார், கதவோரம் புறக்காவல் நிலையத்துக் காவலர் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார், வேன் முதலாளி கைபேசியில் யாரிடமோ பேசிக்கொண்டு நிற்பார். இந்தக் கூட்டத்தின் நடுவே "குடிச்சியாப்பா?" என்று டியூட்டி டாக்டர் உரக்கக் கேட்டால், இல்லை என்பதைத் தவிர அந்த மனிதர் என்ன சொல்ல முடியும்? அவர் வாயைத் திறப்பதற்கு முன் தாயார், "எம் புள்ள தொடவே மாட்டாம்மா" என்று சொல்லி முடித்திருப்பார். அதுவே கேஸ் ஷீட்டில் ஏறிவிடும். எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது, உறவினர்களை மருந்துச் சீட்டோடு அனுப்பிவிட்டு, திரைக்குள் மெதுவாகக் கேட்டால் பதில் வேறாக இருக்கும். "மயக்க மருந்து குடுக்கணும் தம்பி, வயித்துல என்ன இருக்குன்னு தெரிஞ்சாத்தான் உனக்கு நல்லது" என்று காரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது பொய்யான காரணமும் அன்று.

நேரத்தைக் கேட்கும்போது மணி கேட்காதீர்கள்; யாருக்கும் நினைவிருக்காது. கடை சாத்துவதற்கு முன்னா, கடைசி பஸ் போனதற்குப் பின்னா, சாப்பிடுவதற்கு முன்னா என்று கேளுங்கள். இரவு 10 மணிக்குக் கடை சாத்துவார்கள் என்பது எல்லோருக்கும் பொதுவான கடிகாரம். அளவைக் கேட்கும்போதும் எத்தனை மில்லி என்று கேட்காமல், குவாட்டரா, ஆஃபா, எத்தனை பேர் பங்கு போட்டீர்கள், கூட பீர் உண்டா என்று கேளுங்கள்.

மறுப்பவர்கள் எல்லோரும் ஒரே காரணத்துக்காக மறுப்பதில்லை. கார்த்திகை மாதத்தில் மாலை போட்டிருப்பவர், ஆலயத்தில் பொறுப்பில் இருப்பவர், பள்ளி வேன் ஓட்டுபவர் ஆகியோருக்குக் காவல்துறையைவிட ஊர்ப்பேச்சுதான் பயம். அதற்கு மாறாக, கொடை விழாவில் அடிபட்டு வரும் இளவட்டங்கள் குடித்ததைவிடக் கூட்டியே சொல்வதையும் கேட்டிருக்கிறேன். பனையேறும் ஒருவர் மரத்திலிருந்து விழுந்து வந்தால், பதநீர் மட்டும்தான் குடித்தார் என்று கூட வந்தவர்கள் உறுதியாகச் சொல்வார்கள். கள்ளுக்கு 1987 முதல் தடை இருப்பதால் கள் என்ற சொல்லே அந்த வாயிலிருந்து வராது. கலயத்தில் சுண்ணாம்பு சரியாகத் தடவாவிட்டால் பதநீரும் புளித்துக் கள்ளாகிவிடும் என்பது அவர்களுக்கும் தெரியும். இவர்களிடம் பெயரை விட்டுவிட்டு, இனித்ததா புளித்ததா என்று கேட்டால் போதும்.

இன்னும் இரண்டு சங்கதிகள். காயம் பட்ட பிறகு வலிக்காகக் குடித்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. கையை உடைத்துக்கொண்டு, முதலில் எண்ணெய்க் கட்டுப் போடுபவரிடம் போய், வலி பொறுக்காமல் ஒரு கட்டிங் ஊற்றிக்கொண்டு, மறுநாள் நம்மிடம் வருவார்கள். அவருடைய ரத்தத்தில் ஆல்கஹால் இருக்கும். விழும்போது குடிக்கவில்லை என்று அவர் சொல்வதும் சரியாக இருக்கும். ஆகவே அடிபடுவதற்கு முன், அடிபட்ட பின் என்று இரண்டு கேள்வியாகவே கேளுங்கள். அடுத்தது, பெண்களிடம் இதை யாரும் கேட்பதே இல்லை. கேட்காமல் விட்ட இடத்தைப் பிற்பாடு இல்லை என்று நிரப்பிவிடுகிறார்கள். தங்கள் படிவத்தில் கேட்கவில்லை என்பதற்குத் தனியாக ஒரு கட்டம் வையுங்கள்.

பதில்: கொக்கிரகுளம் வழக்கறிஞர்

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகளை நடத்துகிறவன். சட்டம் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 185ஆம் பிரிவு, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கும் நிலையில் வாகனம் ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இந்த எண் ஓட்டுநருக்கு உரியது. பின்னால் அமர்ந்து வந்தவருக்கும், நடந்து போனவருக்கும், பனையிலிருந்து விழுந்தவருக்கும் இதில் வேலை இல்லை. ஆனால் விபத்துப் பதிவேட்டில், நாம் ஏ.ஆர். காப்பி என்று சொல்லும் அந்தத் தாளில், எல்லோருக்கும் ஒரே மாதிரியாக "மூச்சில் மது வாடை" என்று ஒரு வரி எழுதிவிடுகிறார்கள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு காப்பீட்டு நிறுவனம் ஆண்டுக்கணக்கில் வழக்கை இழுத்ததை என் மேசையிலேயே பார்த்திருக்கிறேன். அதில் காயமடைந்தவர் வண்டியே ஓட்டவில்லை.

மருத்துவரிடம் சொன்னது மருத்துவரோடு போய்விடும் என்று நோயாளி நினைப்பார். நம் சாட்சியச் சட்டத்தில் கட்சிக்காரர் வழக்கறிஞரிடம் சொல்வதற்கு உள்ள பாதுகாப்பு, நோயாளி மருத்துவரிடம் சொல்வதற்கு இல்லை. நீதிமன்றம் அழைத்தால் கேஸ் ஷீட் வந்தாக வேண்டும், மருத்துவரும் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டும். மேலும், வாகனச் சேதத்துக்கான காப்பீட்டு வழக்கு ஒன்றில் 2021இல் உச்ச நீதிமன்றம், ரத்த அல்லது மூச்சுப் பரிசோதனை முடிவு இல்லாவிட்டாலும் ஓட்டுநர் மதுவின் பிடியில் இருந்தார் என்பதைப் பிற சான்றுகளைக் கொண்டு காப்பீட்டு நிறுவனம் நிறுவலாம் என்று தீர்ப்பளித்தது. ஆக, எண் இல்லாவிட்டால் தப்பிவிடலாம் என்ற கணக்கும் செல்லாது. நோயாளி தம் வாயால் சொன்னதன் எடை கூடித்தான் இருக்கிறது.

ஆகவே தங்களுக்கு என் ஆலோசனை. ஆய்வுப் படிவத்தைக் கேஸ் ஷீட்டோடு சேர்த்துக் கட்டாதீர்கள். பெயரும் பதிவு எண்ணும் இல்லாமல் தனிக் குறியீட்டு எண் இடுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் கேட்கும் ஒப்புதலைத் தனியே, தமிழில், நோயாளி தெளிந்த பிறகு மறுபடியும் பெறுங்கள். காவல்துறையின் கோரிக்கையின் பேரில் எடுக்கும் ரத்தம் வேறு, தாங்கள் எடுக்கும் ரத்தம் வேறு. முன்னது முத்திரை வைக்கப்பட்டு வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகும், அதற்கு உரிய பதிவுகள் வேறு. இரண்டையும் ஒரே குழாயில் முடித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆய்வு முடிவை எழுதும்போது "பொய்" என்ற சொல்லையும் தவிர்த்துவிடுங்கள். "சொன்னதும் அளவும் பொருந்தவில்லை" என்பதே தங்கள் தரவு காட்டக்கூடியது.

பதில்: குற்றாலச் சாரல்

வழக்கறிஞர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மது வாடை என்று மட்டும் எழுதி நிறுத்துவது எங்கள் தரப்பின் சோம்பல். வாடை மதுவின் அளவைச் சொல்லாது. பேச்சு, நடை, கண்பாவை, விரலால் மூக்கைத் தொடுதல் ஆகியவற்றைப் பார்த்து, மது அருந்தவில்லை, அருந்தியிருக்கிறார் ஆனால் அதன் பிடியில் இல்லை, அருந்தி அதன் பிடியில் இருக்கிறார் என்ற மூன்றில் ஒன்றைத்தான் எழுத வேண்டும். பார்த்த மணியையும் எழுத வேண்டும். கால் முறிந்தவரின் நடையைச் சோதிக்க முடியாது என்றால், முடியவில்லை என்று எழுதலாம்.

பதில்: கணக்கு வாத்தியார், வள்ளியூர் (உயிரியல் புள்ளியியல்)

கடைசியாக வந்தாலும் கணக்கைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன்.

தாங்கள் சொன்னார் அல்லது மறுத்தார், ரத்தத்தில் இருக்கிறது அல்லது இல்லை என்று இரண்டுக்கு இரண்டாக ஒரு கட்டம் போட்டு, அதிலிருந்து கப்பா என்ற உடன்பாட்டு எண்ணைக் கணக்கிடுவீர்கள் என்று நினைக்கிறேன். அதைச் செய்யுங்கள், ஆனால் அதை மட்டும் வெளியிடாதீர்கள். குடித்தவர்கள் மிகக் குறைவாகவோ மிக அதிகமாகவோ உள்ள கூட்டத்தில், உண்மையான உடன்பாடு நன்றாக இருந்தாலும் கப்பா தாழ்ந்து வரும். பகல் வேளைக் காயங்களையும் கொடை விழா இரவுகளின் காயங்களையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கினால் அந்த எண்ணுக்குப் பொருளே இருக்காது. நான்கு கட்டங்களின் எண்ணிக்கையையும் அப்படியே அட்டவணையில் கொடுத்துவிட்டால், படிப்பவர் தமக்கு வேண்டியதைத் தாமே கணக்கிட்டுக்கொள்வார்.

மூத்தவர்கள் சொன்ன வழியில் போடும் உணர்திறன் (குடித்தவர்களில் குடித்தேன் என்றவர் பங்கு), தனித்திறன் (குடிக்காதவர்களில் இல்லை என்றவர் பங்கு) கணக்குகள், ரத்த அளவு தவறாது என்ற அடிப்படையில் நிற்பவை. அந்த அடிப்படை காயத்துக்குப் பின் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஓரளவு பொருந்தும். பிறகு மணிக்கு மணி தளர்ந்துகொண்டே போகும். ஆகவே காயம் பட்ட நேரம், கடைசியாகக் குடித்த நேரம், ரத்தம் எடுத்த நேரம் ஆகிய மூன்றும் இல்லாத நோயாளியை முதன்மைப் பகுப்பாய்வில் சேர்க்காதீர்கள். இடைவெளி இரண்டு மணிக்குள், இரண்டு முதல் நான்கு, நான்கு முதல் ஆறு, அதற்கு மேல் என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனிக்கட்டம் போடுங்கள். "சொன்னார், ரத்தத்தில் இல்லை" என்பவர்களின் பங்கு இடைவெளி கூடக்கூட ஏறி, "மறுத்தார், ரத்தத்தில் இருக்கிறது" என்பவர்களின் பங்கு ஏறாமல் இருந்தால், பொருந்தாமைக்குக் கல்லீரல் காரணமா, கூச்சம் காரணமா என்பது தங்களுக்கே தெரிந்துவிடும்.

உலக சுகாதார நிறுவனம் மதுவும் காயமும் பற்றி 12 நாடுகளில் நடத்திய கூட்டாய்வில் இந்தியாவின் சார்பில் பெங்களூரு இடம்பெற்றிருந்தது. நோய்களின் பன்னாட்டு வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பில் ஒய் 90 என்பது ரத்த அளவின்படியும், ஒய் 91 என்பது மருத்துவர் பார்த்து மதிப்பிட்ட போதையின்படியும் தரும் குறியீடுகள். அந்த ஆய்வில் இந்த இரண்டையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். தாங்களும் மருத்துவரின் மதிப்பீட்டை அட்டவணையில் மூன்றாவது நெடுவரிசையாகச் சேர்த்துக்கொண்டால், வாய், கண், ரத்தம் என்ற மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிடலாம். நாள்தோறும் குடிப்பவர்களிடம் கண்தான் அதிகம் ஏமாறும் என்று எதிர்பார்க்கிறேன். ஆகையால் வழக்கமான குடிப்பழக்கத்தை அறிய, பத்துக் கேள்விகள் கொண்ட ஆடிட் படிவத்தையும், நோயாளி வார்டுக்குப் போன மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ நிரப்பி வாங்குங்கள்.

யாரையெல்லாம் சேர்க்க முடியவில்லை என்பதற்கும் ஓர் அட்டவணை வேண்டும். நினைவிழந்து வந்தவர்கள், ஒப்புதல் தராதவர்கள், மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ உடனே அனுப்பப்பட்டவர்கள், வந்த சிறிது நேரத்தில் இறந்தவர்கள் ஆகியோரில் குடித்திருந்தவர்களின் விகிதம் மற்றவர்களைப் போலவே இருக்கும் என்று கருத இடமில்லை. அவர்களுடைய வயது, பால், வந்த நேரம், காயத்தின் வகை ஆகிய நான்கையாவது பெயரின்றிக் குறித்து வைப்பதற்கு, நெறிமுறைக் குழுவிடம் இப்போதே அனுமதி கேட்டுவிடுங்கள். தரவு சேர்த்து முடித்த பிறகு கேட்டால் கிடைக்காது.